மலேசியாவில் வாடகை அறை கேட்கும்போது "நான் இந்தியன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டுமா?

தைப்பிங் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். தைப்பிங்கிலிருந்து பினாங்குக்கு வேலை மாறி வருகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீசியன் வேலை, ஷிப்ட் முறை, தினமும் போய்வர முடியாது, அதனால் சுங்கை ஆரா, ரெலாவ், புக்கிட் ஜம்புல் பக்கம் ஓர் அறை கிடைத்தால் போதும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் சீனப் பள்ளியில் படித்தவன். மாண்டரின் சரளமாக வரும், ஹொக்கியன் ஓரளவு சமாளிப்பேன். போனில் பேசினால் நான் யார் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது. வேடிக்கையே அதில்தான். ஒரு வீட்டம்மா ரொம்ப நேரம் பேசினார். எந்தத் தொழிற்சாலை, எத்தனை மணிக்கு ஷிப்ட், ராத்திரியில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடாதே, காற்பந்து பார்த்தால் சத்தம் வைக்காதே, தண்ணீர் மின்சாரம் சேர்த்து 600 வெள்ளி (ரிங்கிட்), சனிக்கிழமை வந்து சாவி வாங்கிக்கொள் என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. ஐசி (அடையாள அட்டை) படம் கேட்டார், அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு இரண்டும் விழுந்தது, அப்புறம் வெகு நேரம் ஒன்றுமே இல்லை. கடைசியில் பதில் வந்தது: அக்காள் மகனுக்கு அந்த அறை வேண்டுமாம், சொல்ல மறந்துவிட்டாராம். அந்த அக்காள் மகன் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது, விளம்பரம் அப்படியே இருக்கிறது, வாடகையில் 50 வெள்ளி குறைத்துக்கூடப் போட்டிருக்கிறார்.

சிலர் இவ்வளவு சுற்றுவதில்லை. விளம்பரத்திலேயே "சீனர் மட்டும்" என்று இருக்கும். ஏஜென்ட்டுகள் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே "என்ன இனம்?" என்று கேட்கிறார்கள்.

கூட வேலை பார்க்கப்போகும் நண்பன் சொல்கிறான், முதல் மெசேஜிலேயே இந்தியன் என்று போட்டுவிடு, வேண்டாம் என்பவன் அப்போதே வேண்டாம் என்பான், உனக்கு நேரம் மிச்சம். அம்மாவோ, நீ என்ன குற்றமா செய்தாய் முன்கூட்டியே சொல்லிக்கொள்ள என்று கோபப்படுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? இதற்குச் சட்டம் என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை விதியே என்று போகவேண்டியதுதானா?

---

கெலுகோர் அக்கா:

தம்பி, உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. சொல்லிவிடுங்கள். கௌரவம் எல்லாம் இருக்கட்டும், ஆனால் சனிக்கிழமை வெயிலில் பஸ் பிடித்துப் போய், கொண்டோ வாசலில் பாதுகாவலரிடம் ஐசியைக் கொடுத்து, லிப்ட் ஏறி மேலே போனால், வீட்டுக்காரர் இரும்புக் கிரில்லைத் திறக்காமலேயே "ஆள் வந்துவிட்டார்" என்பார் பாருங்கள், அதற்கு இது எவ்வளவோ மேல். என் மகளுக்கு அப்படி நடந்தது. கிரில்லுக்கு உள்ளே அந்த மனுஷி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நாங்கள் போய்விடுவோம் என்று தெரிந்துகொண்டே நின்றாள்.

சுங்கை டுவா பக்கம் தேடிப் பாருங்கள். யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தை ஒட்டிய இடம், எல்லா இன மாணவர்களுக்கும் வாடகைக்கு விட்டுப் பழகிய வீட்டுக்காரர்கள், இவ்வளவு கேள்வி கேட்பதில்லை. அங்கிருந்து பாயான் லெப்பாஸ் மோட்டார் சைக்கிளில் பக்கம்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் பழைய கதை. இந்தத் தீவு எப்போதும் இப்படி இருந்ததில்லை. எங்கள் அப்பா லெபோ பாசாரில் மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை. நாங்கள் குடியிருந்தது ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) கடைவீட்டு மாடியில். முன்னறையில் நாங்கள், நடு அறையில் ஒரு ஹொக்கியன் கிழவி, பின்னால் தையல்காரர் ஒரு மாமாக் (இந்திய முஸ்லிம்) குடும்பம், எல்லாருக்கும் ஒரே சமையலறை, ஒரே குழாய். சண்டை இல்லாமலா இருக்கும், குழாயடியில் தினமும் சண்டைதான், ஆனால் அது தண்ணீருக்கான சண்டை. அந்த நாளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, போருக்கு முந்திய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை லேசில் கிளப்பவும் முடியாது. 1997இல் அதை ரத்து செய்யச் சட்டம் வந்து, 2000 தொடக்கத்தில் கட்டுப்பாடு போய்விட்டது. ஜோர்ஜ்டவுனிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏர் ஈத்தாம், ரெலாவ், பாலத்துக்கு அந்தப் பக்கம் என்று சிதறிப் போனார்கள். அடுக்குமாடிக்குப் போனபிறகு யாருக்கு யார் பக்கத்து வீடு என்பதை வீட்டுக்காரர்களும் ஏஜென்ட்டுகளும் முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். பழைய வீடு ஒழுகும், கரப்பான் ஓடும், அதற்காக நான் ஏங்கவில்லை.

---

செந்தூல்காரி:

அக்கா, மரியாதையோடு மறுக்கிறேன். சொல்லக்கூடாது. நாமே முன்வந்து சொன்னால் அவர்கள் செய்யவேண்டிய அசிங்கமான வேலையை நாம் செய்து கொடுக்கிறோம். "இந்தியர் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்ல அந்த வீட்டம்மாவுக்கே கூச்சம், அதனால்தான் அக்காள் மகனை இழுத்தார். அந்தக் கூச்சம் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் தேடட்டும். நாம் முதல் வரியில் இனத்தைப் போட்டுக்கொடுத்தால் அவர்களுக்குப் பதில் எழுதும் சிரமம்கூடக் கிடையாது.

கோலாலம்பூரிலும் இதே கதைதான். செராஸ் பக்கம் நானும் கணவரும் வீடு தேடியபோது ஒரு ஏஜென்ட், ரொம்ப நல்ல பெண், "உங்களைப் பார்த்தால் இந்தியர் மாதிரியே இல்லை, நான் உரிமையாளரிடம் பேசிப் பார்க்கிறேன்" என்றாள். பாராட்டு என்று நினைத்துச் சொன்னாள். நாங்கள் இருவரும் வங்கியில் வேலை, சம்பளச் சீட்டு கையில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

---

பூச்சோங் ஏஜென்ட்:

நான் வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், வீட்டு முகவர்களுக்கான வாரியத்தில் பதிந்த அட்டை வைத்திருக்கிறேன். உள்ளே எப்படி நடக்கிறது என்று சொன்னால் உபயோகமாக இருக்கும்.

எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படிவம் சுற்றும். எத்தனை பேர், என்ன வேலை, எப்போது வருவார்கள், எந்த நாடு, என்ன இனம். யார் அந்தப் படிவத்தை முதலில் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் நகலெடுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு ஏஜென்ட், ஒருவர் வீட்டுக்காரர் பக்கம், ஒருவர் வாடகைக்காரர் பக்கம், கமிஷனைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஆக வாடகைக்காரருக்கு "வேண்டாம்" வந்து சேரும்போது அது இரண்டு கை மாறி வருகிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் "நான் அப்படிச் சொல்லவில்லையே, ஏஜென்ட்தான் நல்ல குடும்பமாகப் பார்த்துத் தருவதாகச் சொன்னார்" என்பார். ஏஜென்ட்டைக் கேட்டால் உரிமையாளர் விருப்பம் என்பார். பிடிக்க ஆளே இருக்காது.

ஏஜென்ட் ஏன் எதிர்த்துப் பேசுவதில்லை என்று கேட்பீர்கள். நான் பேசினால் வீட்டுக்காரர் சாவியை வாங்கி அடுத்தவனிடம் கொடுப்பார், அதே கொண்டோவில் இருபது ஏஜென்ட் காத்துக்கொண்டிருக்கிறான்.

வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணங்களும் எனக்கு மனப்பாடம். கறி வாசனை சுவரில் ஏறிவிடும், சாமி மேடைக்கு ஆணி அடிப்பார்கள், நண்பர்களைக் கூட்டிவந்து குடிப்பார்கள். மலாய் வீட்டுக்காரர் என்றால் சமையலறையில் பன்றி இறைச்சி வந்துவிடும் என்ற கவலை. அவரும் அதே வீட்டில் தங்கி ஓர் அறையை மட்டும் விடுகிறார் என்றால் அந்தக் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது, நான் ஒத்துக்கொள்வேன். முழு வீட்டையும் விட்டுவிட்டு ஷா ஆலமில் உட்கார்ந்திருப்பவருக்கு அது என்ன கவலை? கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "முன்பு ஒருவருக்கு விட்டேன், வாடகை தரவில்லை."

நான் செய்வது இது. இனம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, வேலைக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் சிடிஓஎஸ் கடன் அறிக்கை மூன்றையும் முதலில் அனுப்புவேன். அப்புறம் நேரில் கூட்டிப்போய் உட்கார வைப்பேன். எல்லா நேரமும் நடக்காது. ஆனால் ஒரு முகத்தைப் பார்த்தபிறகு பொய் சொல்வது வாட்ஸ்அப்பில் சொல்வதைவிடக் கடினம்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில்: சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உங்கள் பெயர், கம்பெனி, வேலை, ஷிப்ட் எல்லாம் போட்டு ஒரு மெசேஜ் தயார் செய்து வையுங்கள். பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தனியாக இனம் என்று ஒரு வரி எதற்கு?

---

பட்டர்வொர்த் வீட்டுக்காரன்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், வீட்டுக்காரன் பக்கமும் கேளுங்கள். நானும் தமிழன்தான். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஓர் இரட்டை மாடி வீடு, வங்கிக் கடன் இன்னும் ஓடுகிறது. நம் ஆளாயிற்றே என்று நம்பி நம் குடும்பத்துக்கே விட்டேன். முதல் மாதம் ஒழுங்கு, அப்புறம் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று வாடகை நின்று போனது, மின்சாரக் கட்டணம் பாக்கி, போகும்போது விசிறியைக் கழற்றிக்கொண்டு போனான். அதிலிருந்து சீனக் குடும்பத்துக்கு மட்டும்தான் விடுகிறேன். இதை இனவாதம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். என் வீடு, என் கடன், என் இஷ்டம்.

---

கோர்ட் படிக்கட்டு:

கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். சட்டம் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் இவற்றை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது, தனியாரை அல்ல. 2005இல் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்பமானதால் வேலையை இழந்த விமானப் பணிப்பெண், கூட்டு ஒப்பந்தத்தில் இருந்த அந்த விதியை எதிர்த்தார், அரசியலமைப்பு தனியாருக்கு இடையிலான விஷயத்தில் வராது என்று தள்ளிவிட்டார்கள். ஆக உங்கள் அக்காள் மகன் வீட்டம்மா மேல் 8ஆவது பிரிவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வேலையிடத்தில் ஒரு சிறிய கதவு திறந்திருக்கிறது. 1955 வேலைச் சட்டத்தில் சேர்த்த 69எஃப் என்ற பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, வேலையில் பாகுபாடு நடந்தால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு சொல்லலாம். அது ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு. வேலை தேடி விண்ணப்பம் போடுபவர் வெளியேதான் நிற்கிறார். வீட்டுக்கு அதுவும் இல்லை. குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்று கொண்டுவரப் போவதாக வீடமைப்பு அமைச்சு பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அமைச்சர்கள்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

2018 ஞாபகம் இருக்கிறதா? செப்டம்பரில் ஐநா பொதுச்சபையில் பிரதமர் மகாதீர் மீதியுள்ள மனித உரிமை ஒப்பந்தங்களிலும் சேருவோம் என்று பேசினார். அதில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஒப்பந்தமும் ஒன்று, ஐநா 1965இல் ஏற்றுக்கொண்டது. ஊரெல்லாம் கொதித்தது, மலாய்க்காரர் சிறப்பு நிலை பற்றிய 153ஆவது பிரிவு போய்விடும் என்று. நவம்பர் 23இல் சேரமாட்டோம் என்று பிரதமர் அலுவலகம் அறிக்கை விட்டது. எதிர்ப்புக்கு என்று திட்டமிட்ட பேரணியை டிசம்பர் 8இல் நன்றிப் பேரணியாக நடத்தினார்கள், கோலாலம்பூர் நடுவில். எனக்கு அதில் ஆதங்கம் என்னவென்றால், பேச்செல்லாம் 153ஐச் சுற்றியே ஓடியது. வாடகை வீடு, வேலை விளம்பரம், இதெல்லாம் யார் வாயிலும் வரவில்லை. தனியார் துறையில் அடி வாங்குபவர் இந்தியர் மட்டுமா? லீ ஹ்வோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கற்பனைப் பெயர்களில் வேலை விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், 2016இல் வெளியிட்டார்கள். சீனப் பெயர் போட்ட பட்டதாரிக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்த அழைப்பு, மலாய்ப் பெயர் போட்டவருக்கு வந்ததைவிட மிக அதிகம். அந்த மலாய்ப் பிள்ளைக்கும் இப்படி ஒரு சட்டம் வேண்டும், அதை அவரிடம் போய்ச் சொல்ல அன்று யாரும் மெனக்கெடவில்லை.

பட்டர்வொர்த் அண்ணனுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் கோபம் புரிகிறது. வாடகை தராதவரை நீங்களாகப் பூட்டை மாற்றி வெளியேற்ற முடியாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும். பாக்கிக்கு 1951 ஜப்திச் சட்டத்தின் கீழ் பொருளை ஜப்தி செய்யலாம், அதற்கும் வக்கீல், செலவு, அலைச்சல். நியாயம் கிடைக்க இவ்வளவு நாளாகும் என்பதால் வீட்டுக்காரர்கள் வாசலிலேயே வடிகட்டப் பார்க்கிறார்கள், செலவில்லாத வடிகட்டி தோல் நிறம். வாடகைச் சட்டம் ஒழுங்காக வந்தால் உங்களுக்கும் சீக்கிரம் பரிகாரம் கிடைக்கும்.

---

செந்தூல்காரி:

பட்டர்வொர்த் அண்ணே, விசிறியைக் கழற்றிக்கொண்டு போனவருக்கு ஒரு பெயர் இருக்கும் இல்லையா? நாளைக்கு உங்கள் சீன வாடகைக்காரர் கம்பி நீட்டினால் அவர் பெயரைச் சொல்லித் திட்டுவீர்கள், சீனருக்கே இனி விடமாட்டேன் என்று சொல்லமாட்டீர்கள். நம் ஆள் செய்தால் மட்டும் ஊர் முழுக்கக் குற்றவாளி.

சீனரைத் திட்டிவிட்டு நாம் சுத்தம் என்று யாரும் உட்கார வேண்டாம். எங்கள் பக்கத்தில் நம் ஆட்கள் வீடு விடும்போது வங்காளதேசிக்கு விடமாட்டோம், ஆப்பிரிக்க மாணவர் என்றால் போனை வைத்துவிடுவோம். அப்புறம் "சைவக் குடும்பம் மட்டும்" என்று ஒரு விளம்பரம், அதைப் பார்த்துக் கூப்பிட்டால் சொந்த ஊர் எது, தாத்தா எந்தத் தோட்டம், குலதெய்வம் எது என்று கேள்வி போகும். சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வி இருக்காது. எதைத் தேடுகிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

---

பட்டர்வொர்த் வீட்டுக்காரன்:

தங்கச்சி, சாதி எல்லாம் நான் கேட்டதில்லை, என்னை அதில் சேர்க்காதே. மற்றபடி பேசிக்கொண்டே இருக்கலாம், மாதம் பிறந்தால் வங்கிக்குக் கட்டுவது நான்தான். அந்தக் கடன் அறிக்கை எப்படி எடுப்பது என்று ஏஜென்ட் தம்பி சொன்னால் பார்க்கிறேன்.

---

தைப்பிங் பையன்:

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்ட் அண்ணன் சொன்ன மாதிரி பெயர், வேலை, கம்பெனி கடிதம் எல்லாம் சேர்த்து ஒரு மெசேஜ் தயார் செய்து அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன். இனம் போடவில்லை. அம்மாவுக்குத் திருப்தி. பதில் வராதவைதான் அதிகம், ஆனால் சுங்கை டுவாவில் ஒருவர் நேரில் வரச் சொல்லியிருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியர், மாண்டரினில் எழுதினால் மலாயில் பதில் போடுகிறார். ஒரே சந்தேகம்: அறையைப் பிடித்து வைக்க இன்றே 300 வெள்ளி வங்கியில் போடச் சொல்கிறார். போடலாமா?

---

பூச்சோங் ஏஜென்ட்:

அறையைப் பார்க்காமல் ஒரு காசு போடாதீர்கள், அவர் எந்த இனமாக இருந்தாலும். பார்த்தபிறகு கொடுத்தால், எதற்காக, எந்த அறைக்கு, அவர் மனம் மாறினால் முழுப் பணமும் திருப்பித் தருவார் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். டெபாசிட் வழக்கமாக இரண்டு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அறைக்குக் குறைவாகவும் கேட்பார்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிவிடுங்கள், முத்திரை இல்லாத தாளை நீதிமன்றத்தில் ஏற்கமாட்டார்கள். உள்ளே போகிற அன்று சுவர், மெத்தை, விசிறி எல்லாவற்றையும் படம் எடுத்து அவருக்கும் அனுப்பி வையுங்கள்.

பட்டர்வொர்த் அண்ணே, அறிக்கையை வாடகைக்காரரே தன் பெயரில் இணையத்தில் எடுத்து உங்களுக்குக் காட்டலாம், நீங்கள் அலைய வேண்டாம். வருகிற எல்லோரிடமும் கேளுங்கள், சீனக் குடும்பத்திடமும்.